கடைசி நிறுத்தத்துக்கு ஒரு கேள்வி

சட்டசபையில் கேள்வி கேட்பது பெரிய காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். கேள்வி கேட்பது சுலபம். பதில் சொல்லாமல் பதில் சொல்வதுதான் பெரிய காரியம். அதை முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவள் நான்.

எந்தத் துறை என்று கேட்க வேண்டாம். மூன்று துறைகளில் மாறி மாறி இருந்தேன். ஒன்றில் பஸ், ஒன்றில் குப்பை, ஒன்றில் ஆஸ்பத்திரி. கொல்கத்தாவில் தமிழர் என்றால் சுருக்கெழுத்து தெரிந்தவர் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. என் அப்பா ஸ்டெனோ, பெரியப்பா ஸ்டெனோ. நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நானும் ஸ்டெனோவாகவே சேர்ந்தேன். சில வருஷங்களில் சட்டசபைக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் மேஜைக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள். யாரும் விரும்பி உட்காராத மேஜை அது. சபை கூடும் நாட்களில் மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான்.

அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வங்காளப் பெண் இருந்தாள், துறை மாறியபோதெல்லாம் எங்கள் இருவரையும் சேர்த்தே மாற்றினார்கள். என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். வங்காளத்தில் தீதி, அதாவது அக்கா, ஆவதற்கு நான்கு மாதம் தாராளமாகப் போதும். அவள் பதிலை வங்காள மொழியில் எழுதுவாள், நான் ஆங்கிலத்தில். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, மாத்ராஜி என்பாள். இங்கே தெற்கத்திக்காரர் எல்லோரும் மாத்ராஜிதான். நான் பிறந்தது இதே ஊர் ஆஸ்பத்திரியில் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். "ஆஸ்பத்திரி வங்காளி, நீ மாத்ராஜி" என்று முடித்துவிடுவாள்.

எங்கள் வேலைக்கு ஒரே விதிதான். கேள்வி எதைக் கேட்கிறதோ அதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இன்ன சுகாதார நிலையத்தில் எத்தனை டாக்டர்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டால், இரண்டு பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்று எழுதுவோம். இடத்தில் ஆள் இருக்கிறாரா என்பதை அவர் கேட்கவில்லையே. இன்ன தெருவில் குப்பை தினமும் அள்ளப்படுகிறதா என்று கேட்டால், தினமும் அள்ள வேண்டுமென்று உத்தரவு உள்ளது என்று எழுதுவோம். அதை எழுதிய அன்று சாயங்காலமே எங்கள் அலுவலக வாசலுக்குப் பக்கத்திலிருந்த குப்பைமேட்டைப் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு தாண்டினோம். தீதி நின்று அந்தக் குப்பையைப் பார்த்து, "உனக்கு உத்தரவு வந்து சேரலையா?" என்று கேட்டாள். பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டே போனோம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது 'உண்மையா' என்று தொடங்கும் கேள்வி. (அ) இன்னது நடந்தது உண்மையா? (ஆ) உண்மையெனில் காரணம் என்ன? (இ) எப்போது சரிசெய்யப்படும்? இப்படி ஒன்று வந்துவிட்டால் தீதி எனக்கு டீ வாங்கித் தருவாள். முதல் பகுதிக்கு 'இல்லை' என்று எழுத ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது. மற்ற இரண்டும் தானாக உதிர்ந்துவிடும். அவற்றுக்குப் பதில், 'கேள்வி எழவில்லை.' வங்காளத்தில், 'ப்ரஷ்னோ ஓட்டே நா.' எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. இன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமா என்று நான் கேட்பேன், அவள் தலைநிமிராமல், "ப்ரஷ்னோ ஓட்டே நா" என்பாள்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் அப்போது வெட்கப்பட்டதாகவும் ஞாபகம் இல்லை. கேள்விக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் வெயிலில் பஸ்ஸுக்காக நிற்கிறார் என்பது தெரியும். தெரிந்தது என்பதோடு சரி.

நட்சத்திரக் குறி போட்ட கேள்வி வந்தால் வேலை இரட்டிப்பு. அதற்கு அமைச்சர் சபையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் சும்மா இருக்க மாட்டார், அங்கேயே அடுத்த கேள்வியைப் போடுவார். அதற்கு சப்ளிமென்டரி என்று பெயர். அது என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே யூகித்து, பதிலையும் எழுதி அமைச்சரின் ஃபைலில் வைக்க வேண்டும். இதில் தீதியை மிஞ்ச ஆளில்லை. எதிராளி மனதுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பழக்கம் வீட்டுக் கதை பேசும்போதும் வந்துவிடும். எனக்கு ஜுரம் என்றால் மற்றவர்கள் மாத்திரை போட்டாயா என்பார்கள். அவள், எப்போதிலிருந்து, காலையில் என்ன சாப்பிட்டாய், கஞ்சியை யார் வைத்தார்கள், நீயே வைத்தாய் என்றால் ஏன் பக்கத்து வீட்டில் சொல்லவில்லை என்று போய்க்கொண்டே இருப்பாள். முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். சப்ளிமென்டரி கேட்ட ஒரே மனுஷி அவள்.

ஓய்வு பெற்ற பிறகு அதன் அருமை தெரிந்தது. ஜாதவ்பூரில் இரண்டாவது மாடியில் இரண்டு அறை, நான் ஒருத்தி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதற்கு ஒரு காலத்தில் இரண்டு மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன், கேட்க இப்போது யாரும் இல்லை. அம்மா போன பிறகு வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. சென்னையிலிருந்து தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான்.

"சாப்ட்டியா அக்கா?"

"ஆச்சு."

"உடம்பெல்லாம்?"

"இருக்கு."

"சரி, அப்ப வெச்சுடட்டுமா?"

அவனைக் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை, மறக்காமல் கூப்பிடுகிறான். ஆனால் ஒரு வாரத்துக்கான என் தமிழ் அவ்வளவுதான். மீதியைக் குக்கரோடு பேசித் தீர்க்க வேண்டும்.

தீதியின் கதை வேறு மாதிரி போயிற்று. கணவர் இறந்தார். பிள்ளை கனடாவில். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிள்ளை வந்து, வீட்டை விற்று, நகரம் முடிகிற தெற்குக் கோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனான். மீன்குட்டைகளும் வாழைமரங்களும் பாதி கட்டி நிற்கும் மாடிவீடுகளும் உள்ள இடம். எனக்கு அதில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. கரியாஹாட்டிலிருந்து புறப்பட்டு என் தெருமுனை வழியாகப் போகும் ஒரு அரசு பஸ்ஸின் கடைசி நிறுத்தம் அந்த இல்லத்துக்கு இருநூறு அடி தள்ளி இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பத்து மணி பஸ்ஸில் ஏறுவேன். பாதி வழியிலேயே பஸ் காலியாகிவிடும். கடைசியில் நானும் டிரைவரும் கண்டக்டரும்தான். டிக்கெட் கிழிக்கும் முன்பே கண்டக்டருக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரியும்.

அங்கே போய் என்ன செய்வோம்? ஒன்றும் செய்ய மாட்டோம். அவள் கட்டிலில், நான் நாற்காலியில். நான் கொண்டுபோகும் புளியோதரையை, "உங்க ஊர்ல எல்லாத்துலயும் ஏன் புளி?" என்று திட்டிக்கொண்டே டப்பாவைக் காலி செய்வாள். இந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்பாள். ஒன்றும் நடக்கவில்லை என்பேன். ஒன்றும் நடக்காத அந்த வாரத்திலிருந்து அவள் இருபது சப்ளிமென்டரி எடுப்பாள். பாலக்காரன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது, மேல்வீட்டுத் தண்ணீர்க்குழாய் ஒழுகுவது எல்லாம் அப்போதுதான் எனக்கே தெரிந்த மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது நான் ஏதோ வாழ்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றும்.

ஒரு துர்கா பூஜை விடுமுறை முடிந்த வாரம், பத்து மணி பஸ் வரவில்லை. பத்தரைக்கும் இல்லை, பன்னிரண்டுக்கும் இல்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. நிறுத்தத்தில் வெற்றிலைக்கடை வைத்திருப்பவர், "பந்த் ஹோயே கெச்சே, மாஷிமா" என்றார். நின்றுபோய்விட்டது, பெரியம்மா என்று அர்த்தம். ஏன், எதற்கு, யார் நிறுத்தினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு பஸ் சாவது இங்கே அப்படித்தான். சத்தமே இருக்காது.

அதற்குப் பிறகு தீதியைப் பார்க்க மூன்று வண்டி மாற வேண்டும். முதலில் ஷேர் ஆட்டோ, அதில் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க ஓர் இடம் கிடைக்கும். பிறகு இன்னொரு ஆட்டோ. பிறகு டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா, அது ஒவ்வொரு பள்ளத்தையும் என் முழங்காலுக்குத் தெரியப்படுத்திக்கொண்டே போகும். என் வலது முழங்கால் ஏற்கெனவே தேய்ந்துபோனது. ஒரு தடவை போய்வந்தால் மூன்று நாள் தைலமும் வெந்நீர்ப் பையும். வாரம் இரண்டு என்பது ஒன்றாயிற்று, பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்று. போனில் பேசலாம் என்றால் அவளுக்குக் காது மந்தம், போனில் அவளுக்குக் கேட்பது அவள் குரல் மட்டும்தான். என் வாழ்க்கையில் வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அதை யாரோ ஒரு ஆபீசில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது.

கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். நான் டைப் அடிப்பேன். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கேள்வியைத் தயாராக அடித்து எடுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேர். சாக்கடை அடைப்பு, சர்டிபிகேட், ஆஸ்பத்திரியில் படுக்கை. எம்.எல்.ஏ.வின் உதவியாளர், நாற்பது வயதைத் தாண்டியவர், மூக்கு நுனியில் கண்ணாடி, என் காகிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாஷிமா, இதை யார் எழுதிக் குடுத்தாங்க?"

"நானே."

"அப்படியே சபைக்கு அனுப்பலாமே. ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். வரும் வழியில் ரசகுல்லா வாங்கிக்கொண்டு வந்தேன்.

சபை கூடியது. நட்சத்திரம் போடாத கேள்வியாகத்தான் அதை ஏற்றுக்கொண்டார்கள், அதாவது எழுத்தில் பதில் வரும், அத்தோடு முடிந்தது. ஒரு மத்தியானம் உதவியாளர் அந்தப் பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் கேட்டிருந்தது இது: (அ) இன்ன தடத்தில் இயங்கிய பஸ் நிறுத்தப்பட்டது உண்மையா? (ஆ) உண்மையெனில் காரணம் என்ன? (இ) எப்போது மீண்டும் இயக்கப்படும்?

வந்த பதில்: (அ) இல்லை. (ஆ) கேள்வி எழவில்லை. (இ) கேள்வி எழவில்லை.

பதில் பொய் இல்லை. தடம் ரத்தாகவில்லை, பர்மிட் உயிரோடு இருக்கிறது, அட்டவணையில் பஸ் ஓடுகிறது. தெருவில் மட்டும்தான் ஓடவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். முப்பத்திரண்டு வருஷம் எந்தக் கேள்வியைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தோஷமோ அதே கேள்வியை என் கையாலேயே அடித்துக் கொடுத்திருக்கிறேன். பழக்க தோஷம். அந்த மாதிரியில் ஆயிரக்கணக்கில் அடித்த விரல்கள், என்னைக் கேட்காமல் அடித்துவிட்டன. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அந்தக் கதை.

வெட்கத்தில் மூன்று வாரம் தீதியிடம் போகவில்லை. முழங்கால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு குளிர்காலக் காலையில் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வண்டி ஏறினேன்.

டோட்டோ இறக்கிவிடும் இடம் அந்தப் பழைய கடைசி நிறுத்தம்தான். அங்கே ஒரு டீக்கடை உண்டு. பஸ் நின்றுபோன பிறகு ஒவ்வொரு தடவையும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, சர்க்கரை இல்லாத டீ ஒன்று குடித்துவிட்டுத்தான் இல்லத்துக்கு நடப்பேன். கடைக்காரரை இந்த ஊர் வழக்கப்படி தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுவேன், அவர் அதிகம் பேசமாட்டார். "இன்னிக்கும் பஸ் இல்லையா?" என்பார். இல்லை என்பேன். அன்றும் அதுதான்.

தீதி போர்வைக்குள் இருந்தாள். முகம் பாதியாகியிருந்தது. காகிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தாள்.

"இந்தக் கேள்வியை எழுதின கழுதை யாரு?"

"நான்தான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். ஆயா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். "மாத்ராஜி, நீ கேள்வி கேக்கல. பதில் எழுதறவனுக்கு டீ வாங்கிக் குடுத்திருக்கே" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரித்தது எங்கள் அலுவலக வாசல் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் நின்று சிரித்த மாதிரியே இருந்தது.

அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தாள். அந்தப் பென்சிலை ஏன் அங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. என் காகிதத்தின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தோம், அவள் வங்காளத்தில், நான் ஆங்கிலத்தில்.

"நின்னுதான்னு கேக்காதே. கடைசியா அந்த பஸ் கடைசி நிறுத்தத்தைத் தொட்ட தேதி என்னன்னு கேளு. தேதியைச் சொல்லாம தப்பிக்க முடியாது."

எழுதினேன்.

"அன்னியிலேர்ந்து மாசத்துக்கு எத்தனை தடவை ஓடிச்சு? ஓடலைன்னா யார் உத்தரவு? இது ரெண்டாவது. உண்மையெனில், கிண்மையெனில் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் தன் காலிலேயே நிக்கணும்."

அதையும் எழுதினேன். பிறகு நான் சொன்னேன், "மூணாவதா ஒண்ணு போடலாம் தீதி. அந்த பஸ்ஸை நம்பி கடைசி நிறுத்தத்துக்கு வந்து போறவங்க எத்தனை பேர்?"

பென்சில் நின்றது. "அதைப் போடாதே. தெரியாத எண்ணைக் கேக்கக் கூடாது. ஒருத்தரும் இல்லைன்னு எழுதிடுவாங்க."

"ஒருத்தரும் இல்லைன்னு எப்படி எழுதுவாங்க? நான் வரேனே."

"நீ வரேன்னு யாருக்குத் தெரியும்?"

"விசாரிச்சா தெரியும்."

"நாம எப்பவாவது விசாரிச்சோமா?"

இருந்தாலும் போட்டேன். தொழில் தெரிந்தவள் செய்யக்கூடாத காரியம் என்று தெரிந்தே போட்டேன். ஒரு அரசாங்கக் காகிதத்தில் எங்கேயாவது ஒரு மூலையில், ஒருவர் என்று என்னை எண்ண வேண்டும் என்று ஆசை. அவள் (இ) என்று எழுதி, என் கேள்வியை வங்காளத்தில் ஆக்கிக் கொடுத்தாள். அதில் ஒரு பிழை இல்லை.

புதுக் கேள்வியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை நட்சத்திரம் வாங்கப் பார்க்கிறேன் என்று உதவியாளர் சொன்னார். அடுத்த கூட்டத்தொடருக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் நான் இரண்டு தடவை போய்வந்தேன். இரண்டாவது தடவை அவள் பாதி நேரம் தூங்கினாள். விழித்ததும், "பஸ்ஸுல வந்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். அவளிடம் நான் சொன்ன பொய்களில் அது கடைசி. அவள் சப்ளிமென்டரி எதுவும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்கு அடுத்து நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். அவள் அறைக்கு வெளியே வராந்தாவில் மெத்தையை வெயிலில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கட்டில் வெறும் பலகையாக இருந்தது. நிர்வாகி அம்மாள் வந்து, சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டாள் என்றாள். தூக்கத்திலேயே, கஷ்டப்படவில்லை. பிள்ளை கனடாவிலிருந்து போனில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தான், அன்றைக்கே முடிந்துவிட்டது.

"எனக்கு ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

அவள் உள்ளே போய் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தகவல் தெரிவிக்க வேண்டியவர்கள் என்று ஒரு அட்டவணை. பெயர், போன், உறவு. மகன், மருமகள், ஒரு மைத்துனர். "நீங்க இதுல இல்லை மாஷிமா. ஃபார்ம்ல உறவுக்காரங்க மட்டும்தான்" என்றாள். அவள்மேல் தப்பில்லை. படிவத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். என்னை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

புளியோதரையை ஆயாவிடம் கொடுத்தேன். டீக்கடைவரை நடந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கேதான் அழுதேன். கடைக்காரர் டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கொதிக்கும் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் கழித்து, "இன்னிக்கும் பஸ் இல்லையா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"இல்லை" என்றேன். "இனிமே நான் வரமாட்டேன் தாதா. வர வேலை இல்லை."

அவர் தலையை ஆட்டினார். டோட்டோவில் ஏறும்போது என் பையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் மற்ற நாட்கள் மாதிரியே வந்து போயின. விஷயத்தைத் தம்பியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "அடடா, யாரு, அந்த ஆபீஸ் ஃப்ரெண்டா? பாவம். நீ சாப்ட்டியோ?" என்றான். ஆச்சு என்றேன். கேள்வியை நான் மறந்தே போனேன். திரும்பப் பெற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஒரு காலை, பத்தேகால் இருக்கும், கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. எம்.எல்.ஏ.வின் உதவியாளர், சபை வளாகத்திலிருந்து. பின்னால் ஒரே இரைச்சல்.

"மாஷிமா, நட்சத்திரம் கிடைச்சிடுச்சு. நம்ம கேள்வி இன்னிக்கு நாலாவது. பதில் காப்பி இப்பத்தான் கைக்கு வந்துது, படிக்கறேன் கேளுங்க. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. சார் என்ன சப்ளிமென்டரி கேக்கணும்னு நீங்க சொல்லணும்."

படித்தார். (அ)வுக்கு ஒரு தேதி சொல்லியிருந்தார்கள். பூஜைக்கு முந்தின வாரம், சரியான தேதி. (ஆ)வுக்கு, அதன் பிறகு ஒரு தடவைகூட இயக்கப்படவில்லை, ஆட்கள் போதாமையால் டிப்போ அளவில் எடுத்த முடிவு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். எங்கேயும் ஓட்டை இல்லாத கேள்வி. தீதி இருந்தால் பதில் எழுதியவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பாள்.

"இப்ப மூணாவது, மாஷிமா. இது கொஞ்சம் விசித்திரமா இருக்கு. (இ) சம்பந்தப்பட்ட நிறுத்தத்தில் நேரில் விசாரித்ததில், அந்த பஸ்ஸை நம்பி முன்பு ஒருவர் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்ததாகத் தெரிகிறது. தற்போது ஒருவரும் இல்லை."

யாரோ ஒருவர் போயிருக்கிறார். ஏதோ ஒரு டிப்போவிலிருந்து ஒரு மனிதர், நாங்கள் ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்ய, அந்தப் பள்ளம் விழுந்த சாலையில் அந்த டீக்கடைவரை போய், நின்று, கேட்டிருக்கிறார். கடைக்காரரும் சொல்லியிருக்கிறார். ஒருவர் என்று எழுதிவிட்டார்கள்.

"மாஷிமா, இருக்கீங்களா? நீங்க போயிட்டு வரீங்கன்னுதானே கேள்வியே கேட்டோம். ஒருத்தரும் இல்லைங்கறது பொய்தானே? சார் எழுந்து அதைப் பிடிக்கலாமா?"

மடியில் கீரை இருந்தது. கையிலிருந்த காம்பைக் கிள்ளி, ஒரு பக்கமாகப் போட்டேன்.

"வேண்டாம்" என்றேன். "பதில் சரிதான்."